துத்தம் கரைக்கும் முன் இலையை எண்ணுங்கள்



சேர்வராயன் மலையில், நாகலூர்ப் பக்கம் பெரிய காப்பி எஸ்டேட் வைத்திருப்பவர்களுக்கும், தலைச்சோலையிலோ மஞ்சக்குட்டையிலோ வீட்டை ஒட்டி ஒரு ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் மலையாளி மக்களுக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் காப்பிச் செடிகளில் இரண்டு பூஞ்சைகள் குடியிருக்கின்றன. ஒன்று இலைக்கு அடியில் ஆரஞ்சு நிறப் பொடியாகத் தெரியும் துரு. அதைப் பார்த்தாலே உங்களுக்கு வயிறு எரியும். மற்றொன்று வேருக்கு உள்ளே இருக்கிறது, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. முதலாவதை அடக்க நீங்கள் தெளிக்கும் தாமிரம், இலையிலிருந்து வழிந்தும், உதிர்ந்த இலையோடு மக்கியும், கடைசியில் இரண்டாவது பூஞ்சை வாழும் மேல்மண்ணில்தான் போய்ச் சேருகிறது. எப்போது தெளிப்பது, எவ்வளவு தெளிப்பது என்பதைப் பெரும்பாலான தோட்டங்களில் காலண்டர்தான் முடிவு செய்கிறது: பருவமழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. அந்த முடிவைக் காலண்டரிடமிருந்து பிடுங்கி இலையிடம் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள். துரு பிடித்த இலைகளை முறையாக எண்ணுங்கள்; எண்ணியதை மலை முழுவதற்கும் பொதுவான ஒரே பதிவேட்டில் எழுதுங்கள்; அதை வைத்து மருந்து அடியுங்கள்.

துருவைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் வரலாற்றில் இருந்து ஒரு பகுதியை நினைவுபடுத்த வேண்டும். 1869-இல் இலங்கையின் பேராதனைத் தாவரவியல் தோட்டத்திலிருந்து துவைட்ஸ் அனுப்பிய இலைகளைப் பார்த்து, இங்கிலாந்தில் பெர்க்லி இந்தப் பூஞ்சைக்கு ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். பெயரின் பின்பாதிக்கு ‘பாழாக்குவது’ என்று பொருள், அது வீண்போகவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளில் இலங்கையின் காப்பித் தொழில் சரிந்து, தமிழ் மாவட்டங்களிலிருந்து போன தொழிலாளர்கள் நட்டு வளர்த்த மலைச்சரிவுகள் தேயிலைக்கு மாறின. இந்தச் சரிவுக்கு நடுவே, 1880-இல் மார்ஷல் வார்டு என்ற இளம் தாவரவியலாளர் அங்கே போய் இரண்டு ஆண்டுகள் தங்கினார். பசை தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்தில் தொங்கவிட்டு, காற்று எவ்வளவு பூஞ்சை வித்துகளைக் கொண்டுவருகிறது என்று எண்ணினார். வித்து முளைக்க இலையின் மேல் நீர் தங்க வேண்டும் என்பதையும், முளைத்தது இலைத்துளை வழியாகவே உள்ளே போகிறது என்பதையும் காட்டினார். மலை மலையாக இடைவெளியே இல்லாமல் காப்பி மட்டும் நட்டதுதான் காற்றுக்கு வழி திறந்துவிட்டது என்பது அவர் கண்ட முடிவு. தோட்டக்காரர்கள் எதிர்பார்த்த மருந்து அவரிடம் இல்லாததால் ஏமாந்தார்கள். ஆனால் பயிர் நோயை எண்ணிக்கையால் புரிந்துகொள்ளும் வேலை தொடங்கிய இடங்களில் அந்தக் கண்ணாடித் தகடுகளும் ஒன்று.

மருந்து சில ஆண்டுகளிலேயே வந்தது. 1885-இல் பிரான்சின் போர்டோ நகரத்தில் மில்லார்தே, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கரைசல் திராட்சையின் அடிச்சாம்பல் நோயைத் தடுக்கும் என்று அறிவித்தார். (வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமல் இருக்கச் சாலையோரக் கொடிகளில் பூசிய கலவை அது. அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததைக் கவனித்ததே அவருடைய கண்டுபிடிப்பு.) அதே 1885-இல் பெர்லினில் ஆல்பர்ட் ஃபிராங்க் இன்னொரு கட்டுரையை வெளியிட்டார். பிரஷ்யாவில் ட்ரஃபிள் என்ற விலையுயர்ந்த நிலத்தடிக் காளானைப் பயிரிட முடியுமா என்று ஆராய அரசு அவரைப் பணித்திருந்தது. ட்ரஃபிளைப் பயிரிடும் வழி அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் காட்டு மரங்களின் வேர் நுனிகளைப் பூஞ்சை இழைகள் போர்த்தியிருப்பதையும், அது நோயல்ல, மரத்துக்கு நீரும் சத்தும் கொண்டுவரும் கூட்டு வாழ்வு என்பதையும் அவர் கண்டார். அன்று அவர் வாதத்தை நம்பாதவர்களே அதிகம். பூஞ்சையைக் கொல்லும் வழியும், பூஞ்சையால் செடி வாழ்கிறது என்ற அறிவும் ஒரே ஆண்டில் வந்தன. காப்பித் தோட்டத்துக்கு முதலாவது வந்து சேர்ந்தது. இரண்டாவது இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

காப்பியின் வேரில் இருப்பது ட்ரஃபிள் வகை அல்ல. ஓக், ஹேசல் போன்ற மரங்களில் ட்ரஃபிள் வேரைச் சுற்றி உறையாக அமையும். காப்பி, மிளகு, கல்யாண முருங்கை, ஆரஞ்சு ஆகியவற்றில் பூஞ்சை வேரின் செல்லுக்குள்ளேயே புகுந்து, மிக நுண்ணிய கிளைகளாகப் பிரிந்து நிற்கும். வேளாண் துறையினர் இதை வேர் உட்பூசணம் என்பார்கள். ‘வேம்’ என்ற பெயரில் பாக்கெட்டில் விற்பதும் இதுதான். ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த, 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய செடிப் புதைபடிவங்களிலும் இதே நுண்கிளைகள் தெரிகின்றன. அதாவது, இலையும் முறையான வேரும் உருவாகும் முன்பே தாவரம் இந்த உறவில் நுழைந்துவிட்டது. செடி தான் செய்யும் சர்க்கரையில் ஒரு பங்கைக் கொடுக்கிறது. பூஞ்சை முக்கியமாக மணிச்சத்தைக் கொடுக்கிறது. மணிச்சத்து மண்ணில் அநேகமாக நகராது. வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இருப்பதை உறிஞ்சித் தீர்த்தபின் காத்திருக்க வேண்டியதுதான். பூஞ்சையின் இழை வேர்த்தூவியைவிட மெல்லியது. அந்த வறண்ட வட்டத்தைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் போய் மணிச்சத்தைக் கொண்டுவரும்.

இது எல்லா ஊருக்கும் பொருந்தும் பொது அறிவுதானே என்று கேட்கலாம். நம் மலைக்கு இது கூடுதலாகப் பொருந்துகிறது. அதற்குக் காரணம் நம் பாறை. சேர்வராயன் மலை சார்னோகைட் பாறையால் ஆனது. உச்சிப் பகுதிகளில் அது பல லட்சம் ஆண்டு மழையில் கரைந்து, சிலிக்கா போய், அலுமினியமும் இரும்பும் மிஞ்சி பாக்சைட் ஆகியிருக்கிறது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக வெட்டி எடுத்தது அதைத்தான். அலுமினிய, இரும்பு ஆக்சைடுகள் நிறைந்த அமில மண்ணுக்கு ஒரு குணம் உண்டு: போடுகிற மணிச்சத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் சூப்பர் பாஸ்பேட் போட்ட சில வாரங்களில் அதில் பெரும்பகுதி செடிக்கு எட்டாத வடிவத்துக்குப் போய்விடுகிறது. மண்ணில் மொத்த மணிச்சத்து இருந்தும் செடி பட்டினி கிடக்கும் இப்படிப்பட்ட மண்ணில்தான் வேர் உட்பூசணத்தின் உழைப்பு அதிகம் தேவைப்படுகிறது. மலையில் வேரையும் பூஞ்சையையும் அறிந்தவர்களும் இல்லாமல் இல்லை. ஏற்காட்டில் 1963 முதல் இருக்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் முழுக்கவே பூஞ்சையின் தயவில் நிற்கும் செடிகளின் தோட்டம்தான். தூசு போன்ற ஆர்க்கிட் விதையில் உணவுச் சேமிப்பே கிடையாது. இயற்கையில் அது முளைக்க வேண்டுமானால் பூஞ்சை வந்து ஊட்ட வேண்டும். 1899-இல் நோயல் பெர்னார் பிரான்சில் கண்டறிந்த உண்மை இது.

இனி தாமிரக் கணக்குக்கு வருவோம். அரை சதவீதப் போர்டோ கலவை என்றால் 200 லிட்டர் டிரம்முக்கு ஒரு கிலோ மயில்துத்தம். மயில்துத்தத்தின் எடையில் கால்வாசி தாமிரம். ஆக, ஒரு டிரம்மில் 250 கிராம். ஏக்கருக்கு மூன்று டிரம் என்று வைத்து, ஆண்டுக்கு இரண்டு முறை அடித்தால் ஒன்றரை கிலோ தாமிரம். ஹெக்டேருக்குப் பெருக்கினால் சுமார் 3.7 கிலோ. ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் விதித்திருக்கும் உச்சவரம்பு, ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ, அதாவது சராசரி ஆண்டுக்கு 4 கிலோ. நாம் வரம்புக்கு உள்ளேதான் இருக்கிறோம், ஆனால் வாசற்படியில் நிற்கிறோம். மழை மிகுந்த ஆண்டில் மூன்றாவது முறை அடித்தால் வாசலைத் தாண்டிவிடுவோம். தாமிரம் சிதையாது, ஆவியாகாது. அங்ககப் பொருளோடு ஒட்டிக்கொண்டு மேல்மண்ணிலேயே தங்கிவிடும். மண் அரிப்பில் போவது போக மீதியெல்லாம் அங்கேதான். கென்யாவின் காப்பித் தோட்டங்களில் செய்து 1984-இல் வெளியான ஆய்வு ஒன்று, பூஞ்சைக்கொல்லியிலிருந்து வந்த தாமிரம் மண்ணிலும் சருகிலும் சேர்ந்திருப்பதைப் பதிவு செய்தது. தோட்டத்தின் வயதையும் சேர்த்தே அது ஆராய்ந்தது. காப்பியின் ஊட்டும் வேர்களும் வேர் உட்பூசணமும் அடர்ந்திருப்பது அதே மேல்மண்ணில்தான். பூஞ்சைக்கொல்லிக்கு நல்ல பூஞ்சை எது, கெட்ட பூஞ்சை எது என்று தெரியாது.

இங்கே ஒரு எல்லைக்கோடு போட்டுக்கொள்கிறேன். வேர் உட்பூசணம் இருந்தால் துரு வராது என்று நான் சொல்லவில்லை. தாமிரத்தை அடியோடு நிறுத்துங்கள் என்றும் சொல்லவில்லை. துருவை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை இலங்கை காட்டிவிட்டது. அண்மைக் காலத்திலும் கொலம்பியாவில் 2008 முதல் 2011 வரை விளைச்சல் 2007-ஐவிடச் சராசரி 31 சதவீதம் குறைந்தது. மத்திய அமெரிக்கா 2012-13-இல் அடிபட்டது. அந்தச் சரிவுகளை ஆராய்ந்த ழாக் அவெலினோவும் உடனாய்வாளர்களும் வானிலையை மட்டும் குற்றம் சொல்லவில்லை. காப்பி விலை வீழ்ந்ததால் பராமரிப்பைக் குறைத்ததும் சேர்ந்துதான் நோயை வெடிக்க வைத்தது என்றார்கள். தேவையான இடத்தில், தேவையான வாரத்தில் தாமிரம் அடிக்கத்தான் வேண்டும். அந்த இடமும் வாரமும் எவை என்பதுதான் கேள்வி. எண்ணாமல் அதற்கு விடை கிடையாது.

எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைத் தென்னாப்பிரிக்காவின் வான் டெர் பிளாங்க் 1963-இல் எழுதிய நூல் வட்டிக் கணக்காகச் சொன்னது. சில நோய்கள் தனி வட்டி. இந்த ஆண்டு நோய்ப்பட்ட செடி இந்த ஆண்டுக்குள் இன்னொன்றுக்கு நோயைக் கடத்தாது. வேறு சில கூட்டு வட்டி. இன்று நோய்ப்பட்ட இலை அடுத்த மாதமே வித்து உதிர்த்துப் பக்கத்து இலைகளைப் பிடிக்கும். இலைத்துரு கூட்டு வட்டி. வாதத்துக்காக, உகந்த மழைக்காலத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை துரு இரட்டிக்கிறது என்று வையுங்கள். நூற்றில் ஒரு இலையில் தொடங்கினால் மூன்றாம் வாரம் 2, ஆறாம் வாரம் 4, ஒன்பதாம் வாரம் 8, பன்னிரண்டாம் வாரம் 16. நோயைப் பாதியாக்கும் ஒரு தெளிப்பு, எப்போது அடித்தாலும் மூன்று வார அவகாசம் வாங்கித் தரும். ஆனால் நூற்றுக்கு ஒன்றாக இருக்கும்போது அடித்தால், அந்த மூன்று வாரத்துக்குள் மழையே ஓய்ந்துவிடக்கூடும். பதினாறாக இருக்கும்போது அடித்தால் இலை ஏற்கெனவே உதிரத் தொடங்கியிருக்கும். ஒரே டிரம், ஒரே கூலி, பலன் வேறு.

இன்னொரு சிக்கலும் உண்டு. வித்து இலைக்குள் போன நாளிலிருந்து ஆரஞ்சுப் பொடி தெரிய, குளிர் வெப்பத்தைப் பொறுத்து, ஏறக்குறைய மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். இன்று நீங்கள் பார்க்கும் துரு போன மாத மழையின் துரு. தாமிரமோ இலையின் மேற்பரப்பில் இருந்து காக்கும் மருந்து. உள்ளே போய்விட்ட பூஞ்சையை அது தொடாது. ஆகவே கண்ணில் நன்றாகப் பட்ட பிறகு அடிப்பது பாதி வீண். இங்கேதான் கணித மாதிரி உதவுகிறது: இந்த வார எண்ணிக்கை, கடந்த சில வாரங்களின் மழை, இரவு வெப்பம், இலை ஈரமாக இருந்த நேரம், அந்த ஆண்டின் காய்ப்பு ஆகியவற்றைக் கொடுத்தால், அடுத்த மாதம் துரு எங்கே நிற்கும் என்று ஒரு கணிப்பு தரும். காய்ப்பைச் சேர்ப்பது வேடிக்கைக்காக அல்ல. காய் அதிகம் பிடித்த செடியில் துரு அதிகம் என்பதை அவெலினோவின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, உங்களில் பலருக்கும் அது அனுபவத்தில் தெரியும்.

“கணித மாதிரியா? கொரோனாவில் பார்த்தோமே” என்று நீங்கள் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை அமைத்த குழு, தொற்றின் உச்சம் கடந்துவிட்டது, கட்டுப்பாடுகளைக் கடைப்பிடித்தால் 2021 பிப்ரவரிவாக்கில் ஓய்ந்துவிடும் என்று 2020 அக்டோபரில் சொன்னது. 2021 மே முதல் வாரத்தில் நாட்டில் நாளொன்றுக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தொற்றுடன் பதிவானார்கள். மாதிரி என்பது அதற்குள் போட்ட அனுமானங்களின் பிள்ளை. புதிய உருமாற்ற வைரஸ் வரும் என்பதோ, மக்கள் எப்போது முகக்கவசத்தைக் கழற்றுவார்கள் என்பதோ அதற்குள் இல்லை. ஆனால் இதே துறையின் மறுபக்கத்தையும் பாருங்கள். கொள்ளைநோய்க் கணிதத்தின் அடித்தளங்களில் ஒன்றான 1927-ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதிய இருவரில் ஒருவரான மெக்கெண்ட்ரிக், இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். கசௌலி பாஸ்டர் நிலையத்தை நடத்தியவர். அவரும் அதை உடனெழுதிய கெர்மாக்கும் தங்கள் சமன்பாட்டைச் சோதித்துப் பார்த்தது 1905-06-இல் பம்பாயில் பிளேக் நோயில் வாரவாரம் இறந்தவர்களின் எண்ணிக்கையோடு. யாரோ ஒரு நகராட்சிக் குமாஸ்தா வாரம் தவறாமல் பதிவேட்டில் எழுதியிருந்ததால்தான் அந்தச் சோதனை சாத்தியமானது. காப்பி இலை முகக்கவசத்தைக் கழற்றாது, ஊர்விட்டு ஊர் ரயிலேறாது, சோதனைக்கு வர மறுக்காது. மனிதத் தொற்றைவிடப் பயிர்நோயைக் கணிப்பது எளிது. நம்மிடம் இல்லாதது அந்தப் பதிவேடு. பிரேசிலில் 5 சதவீத இலைகளில் துரு தென்பட்டால் மருந்து என்பது வழக்கமான எல்லை. அது திறந்த வெயிலில் நிற்கும் காப்பிக்கு. சில்வர் ஓக், பலா நிழலில், இரண்டு பருவமழையும் எட்டிப் பார்க்கும் நம் சரிவுக்கு எல்லை 3-ஆ, 8-ஆ என்பதை நம் இலைகளை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நிழல் கூடினால் ஈரம் கூடும், ஆனால் காய்ப்பு குறையும். முதலாவது துருவுக்குச் சாதகம், இரண்டாவது பாதகம். எது ஜெயிக்கும் என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறுகிறது.

“எதிர்ப்புத் திறன் உள்ள ரகம் வைத்துவிட்டேன், எனக்கு எதற்கு?” என்பது அடுத்த கேள்வி. துரு ஒரே பூஞ்சை அல்ல, அதற்குள் பல இனங்கள் உண்டு என்பதை 1930-களின் தொடக்கத்தில் உலகுக்குக் காட்டியதே கர்நாடகத்தின் பாலெஹொன்னூர்க் காப்பி ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த மேயின்தான். 1911-இல் தேர்ந்தெடுத்த கென்ட் ரகம் சில ஆண்டுகளில் துருவிடம் தோற்றது. அதை ஒரு பெற்றோராகக் கொண்ட எஸ்.795 சுவையால் இன்றும் நிற்கிறது. துருவுக்கு முழுத் தடையாக அல்ல. 1980-களில் வந்த காவேரியும் முதலில் கொடுத்த பாதுகாப்பைத் தக்கவைக்கவில்லை. சந்திரகிரி 2007-இல் வந்தது. அதன் பாதுகாப்பு தளரும் நாள் வந்தால், அது முதலில் எந்தச் சரிவில் தளர்ந்தது என்பதை எண்ணுகிறவர்கள்தான் அறிவார்கள். எண்ணாதவர்களுக்கு அறுவடையில் தெரியும்.

வேர்ப் பக்கத்திலிருந்து வரும் எதிர்வாதம் வேறு மாதிரி: “பூஞ்சை செத்தால் என்ன, வேம் பாக்கெட் வாங்கிப் போட்டுவிடலாம்.” நாற்றுப் பையில் அது நல்ல யோசனை. கிளறிய புது மண்ணில் நாற்றுக்குத் தொடக்கத்திலேயே துணை கிடைக்கும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் நாற்றங்காலுக்கு இதைப் பரிந்துரைக்கிறது. வளர்ந்த தோட்டத்துக்கு வெளியிலிருந்து தூள் போடுவது பெரும்பாலும் பணவிரயம். அங்கே பூஞ்சை ஏற்கெனவே இருக்கிறது. இல்லையென்றால் அதைக் கொன்ற காரணம் இன்னும் அங்கேயே இருக்கிறது, புதிதாய்ப் போட்டதும் சாகும். வணிகத் தூள்களில் பலவற்றில் உயிருள்ள வித்தே இல்லை என்று வெளிநாட்டுச் சோதனைகளும் காட்டியிருக்கின்றன. அளவுக்கு மீறி மணிச்சத்து போட்டாலும் செடி பூஞ்சைக்குக் கொடுக்கும் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளும். வேரில் அதன் குடியிருப்பு சுருங்கும். நாளை யாராவது உங்களிடம் வந்து ட்ரஃபிள் கன்று விற்றால், அதையும் இந்தக் கணக்கிலேயே பாருங்கள். பிரான்சில் பூஞ்சை ஏற்றிய ஓக், ஹேசல் கன்றுகளை 1970-களிலிருந்து நட்டு, உண்மையாகவே அறுவடை செய்கிறார்கள். ஆனால் கறுப்பு ட்ரஃபிளுக்குச் சுண்ணாம்பு மண் வேண்டும். நம்முடையது அமில மண். நம் சில்வர் ஓக்கும் ஓக் குடும்பமே அல்ல. வேர்ப்பூஞ்சையைப் பெரிதும் நம்பாமல், கொத்துக் கொத்தாகத் தன் வேரையே பெருக்கி மணிச்சத்து தேடும் ஆஸ்திரேலியக் குடும்பம் அது. கல்யாண முருங்கையையும் நாட்டு மரங்களையும் எடுத்துவிட்டு முழுக்கச் சில்வர் ஓக் வைப்பவர்கள் மரவிலையோடு இதையும் ஒரு முறை யோசிக்கலாம்.

மரங்கள் பூஞ்சை வலை வழியே பேசிக்கொள்கின்றன, தாய்மரம் பிள்ளைமரத்துக்கு ஊட்டுகிறது என்றெல்லாம் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். அந்த உற்சாகத்தில் நான் சேரவில்லை. சூசன் சிமார்டு 1997-இல் கனடாவில் காட்டியது, இரண்டு மர வகைகளுக்கு இடையே கரிமம் நகர்ந்தது என்பதை. அதற்குமேல் கட்டிய கோட்டைகளில் பலவற்றுக்கு வயல்வெளிச் சான்று போதாது என்று ஜஸ்டின் கார்ஸ்ட்டும் இரு சக ஆய்வாளர்களும் 2023-இல் சான்றுகளை ஒவ்வொன்றாகப் பரிசீலித்து எழுதினார்கள். நான் உங்களிடம் கேட்பது அந்தக் கோட்டைகளின் மேல் நிற்கவில்லை. மணிச்சத்து நகராது, பூஞ்சை இழை அதைத் தேடிப் போகும், தாமிரம் மேல்மண்ணில் சேரும், அளவு மீறினால் பூஞ்சைக்கு நஞ்சு: இந்த நான்கும் நூறு தடவை சோதித்துப் பார்த்தவை. எவ்வளவு தாமிரத்தில் நம் மலையின் பூஞ்சை தளர்கிறது என்பது மட்டும்தான் இடத்துக்கு இடம் மாறும். தாமிரத்தைத் தாங்கப் பழகிய பூஞ்சைகளும் உண்டு. அதனால்தான் அளந்து பாருங்கள் என்கிறேன்.

ஆள் எங்கே என்ற கேள்விக்கு வருவோம். இதுதான் உங்கள் உண்மையான தடை என்று எனக்குத் தெரியும். அறுவடைக்கே ஆள் கிடைக்காத மலையில் இலை எண்ண யாரை விடுவது? எண்ணுவது பெரிய வேலையல்ல. ஒரே ரகம், ஒரே நிழல் உள்ள ஒரு பிளாக்கில் குறுக்கும் நெடுக்குமாய் நடந்து 50 செடிகளைத் தேர்ந்தெடுங்கள். சாலையோரச் செடியை மட்டும் எடுக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் நடுமட்டத்துக் கிளை ஒன்றைப் பிடித்து எட்டு இலைகளைத் திருப்பிப் பாருங்கள். மொத்தம் 400 இலைகள். அதில் 40-இல் துரு என்றால் உங்கள் தோட்டத்தில் 10 சதவீதம். உண்மை நிலை ஏறக்குறைய 7-க்கும் 13-க்கும் நடுவே இருக்கும், துரு திட்டுத் திட்டாக இருந்தால் இன்னும் சற்று அகலமாக. அரை நாள் வேலை, பதினைந்து நாளுக்கு ஒரு முறை. வீணாகப் போகும் ஒரே ஒரு தெளிப்பை இது தவிர்த்தாலும், துத்தமும் சுண்ணாம்பும் ஐந்தாறு பேர் கூலியும் மிச்சம். எண்ணும்போது ஆரஞ்சுப் பொட்டின் மேல் வெள்ளைப் பஞ்சு போல ஏதாவது படர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். துருவைத் தின்னும் இன்னொரு பூஞ்சை அது. பச்சைச் செதில் பூச்சியையும் அதுவே கொல்லும். மெக்சிகோவின் சியாபாஸ் மலையில் ஜான் வாண்டர்மீரும் ஐவெட் பெர்ஃபெக்டோவும் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வரும் கூட்டாளி அது. தாமிரம் அதன் மீதும்தான் படுகிறது.

தன் தோட்டத்துத் துருவைப் பிறருக்குச் சொன்னால் வியாபாரி விலையைக் குறைப்பான், வங்கி கடனுக்கு யோசிக்கும் என்ற தயக்கம் பெரிய தோட்டங்களுக்கு இருக்கும். பதிவேட்டில் எஸ்டேட் பெயரே வேண்டாம். ஊர், உயரம், ரகம், நிழல், தேதி, எண்ணிக்கை போதும். சிறு விவசாயிக்கு வேறு தயக்கம்: பெரிய தோட்டக்காரர்களின் ஏற்பாட்டில் தன் குரல் எடுபடுமா என்பது. துரு வித்து வேலியைப் பார்த்து நிற்பதில்லை. வெள்ளக்கடையின் ஒரு ஏக்கரை எண்ணாமல் விட்டால் பக்கத்து நூறு ஏக்கரின் கணிப்பும் பொய்யாகும். ஆகவே சிறு தோட்டங்களின் எண்ணிக்கைக்குப் பெரிய தோட்டங்கள் ஆளனுப்பி உதவுவது தர்மம் அல்ல, சொந்த லாபம். பதிவேட்டை வைத்திருக்க மலையிலேயே தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் காப்பி வாரியத்தின் அலுவலகமும் இருக்கின்றன. கணக்குப் போட அடிவாரத்திலேயே பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. புள்ளியியல் மாணவர்களுக்கு உண்மையான தரவைவிட நல்ல ஆய்வுப் பொருள் கிடைக்காது. அவர்கள் தாமாக வந்து கேட்கமாட்டார்கள்; நீங்கள் தரவோடு போனால் மறுக்கவும் மாட்டார்கள்.

சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்குக் காப்பி வந்து இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. வரும் பூமழைக்குப் பிறகு, முதல் டிரம்மில் துத்தத்தைக் கரைக்கும் முன், மூன்று வேலைகளைச் செய்யுங்கள். ஒரு பிளாக்கில் 400 இலைகளை எண்ணி எழுதுங்கள். மண் பரிசோதனைக்கு அனுப்பும்போது தாமிரத்தையும் அளக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள், கேட்டால்தான் அளப்பார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு வரிசைச் செடிகளுக்கு மட்டும் மருந்து அடிக்காமல் விட்டு, அவற்றையும் சேர்த்து எண்ணுங்கள். அடித்ததால் என்ன மிச்சமானது என்பதை அந்த இரண்டு வரிசைதான் சொல்லும்.